எதிராளி அக்கா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்த ஒரு காரியத்துக்கு வேறு சாக்கு எதுவும் என்னிடம் இல்லை. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், மைக் ரிப்பேர் பார்ப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்தியாரின் படங்களுக்கு ஒலிப்பதிவு. காதால் பிழைக்கிறவனுக்கு உலகத்தில் எல்லாமே எதிரி. ஃபேன் ஓடினால் கத்துவேன். புறா குனுகினால் கத்துவேன். குழாய் சொட்டினால் அதன் வாயைத் துணியால் கட்டிவிட்டு, கட்டாமல் விட்டவர்களைப் பார்த்துக் கத்துவேன்.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவர். அவருக்குப் பிடித்த பைத்தியம், அந்தக் காலத்து மேடைத் துன்பியல் நாடகங்களைப் படமாக எடுப்பது. ராஜா, ராணி, சாபம், யுத்தம், கடைசியில் கூண்டோடு சாவு. இதையெல்லாம் கிரீடம் இல்லாமல், குதிரை இல்லாமல், கையில் இருப்பதை வைத்து எடுப்பார். ஞாயிறன்று பூட்டிக் கிடக்கும் வேதியியல் ஆய்வகம்தான் அரண்மனை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான் போர்க்களம். தையல்கடை அக்கா ராணி. கழுத்தில் அளவு நாடாவோடு நேரே கடையிலிருந்து வருவார். கழற்ற வேண்டாம், அதுவே ஆரமாக இருக்கட்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்காது. தையல்கடை அக்காவுக்கு ஞாயிறு காலை, சேனாதிபதியாக நடிக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புதன் மத்தியானம். அதனால் ஒவ்வொருவரையும் தனியாகத்தான் எடுப்போம். படத்தில் ராணியும் சேனாதிபதியும் எதிரெதிரே நின்று சண்டை போடுவார்கள், நிஜத்தில் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஒரு படத்தில் இந்த இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி. திரையிடல் அன்றுதான் தையல்கடை அக்கா அவரைப் பார்த்து, "ஓ, நீங்கதான் என் வீட்டுக்காரரா? கொஞ்சம் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

ஆனால் நடிக்கிறவர் சுவரைப் பார்த்தா அழுவார்? எதிரே யாராவது இருந்து பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எதிராளி அக்கா. கேமராவின் கண்ணுக்குப் படாத இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, எதிர் ஆளின் வசனத்தை உயிரோடு சொல்வார். பதினோரு வருஷத்தில் ஐந்து ராணிகளுக்குப் புருஷனாக இருந்திருக்கிறார், மூன்று ராஜாக்களைக் கொன்றிருக்கிறார், ஒரு தடவை தொட்டில் குழந்தையாகவும் அழுதிருக்கிறார். ஒன்பது படத்தில் ஒன்றிலாவது அவர் விரல் நுனி தெரியுமா? தெரியாது. மூச்சாவது கேட்குமா? அதுவும் கேட்காது. கேட்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று அடையாளம் வைக்க மட்டும் அவர் சட்டையில் ஒரு சின்ன மைக் குத்துவேன். வேலை முடிந்ததும் அந்தக் குரலை அழித்துவிடுவேன். என் கம்ப்யூட்டரில் இடம் பத்தாது.

அவருக்குப் பிழைப்பு ஒரு கண்ணாடிக் கடையில். முன்பக்கம் ஃப்ரேம் மாட்டிப் பார்க்கிறவர்கள், பின்பக்கம் தடுப்புக்கு அந்தப் பக்கம் இவர். மருத்துவர் எழுதிய பவரைப் பார்த்து, லென்ஸில் மூன்று புள்ளி வைத்து, தண்ணீர் சொட்டும் கல்லில் ஓரத்தைத் தேய்த்து ஃப்ரேமில் உட்காரவைப்பார். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளையாக ஒரு சேறு. வாத்தியார் ஒரு தடவை கண்ணாடிக்குக் கொடுக்கப் போனபோது வசனத்தாள்களைக் கடையிலேயே விட்டுவிட்டார். மறுநாள் போனால் இவர் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்து, "ரெண்டாவது பக்கத்துல அந்தம்மா அவ்வளவு கேக்குறாங்க, ஒருத்தர்கூட ஏன் சார் பதில் சொல்லல?" என்று கேட்டிருக்கிறார். வாத்தியார் அப்படியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நடிக்கவைத்தும் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் நிற்கவில்லை என்றார். "எனக்கென்ன, நான் பதில் சொல்றேன்" என்று அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தவர்தான்.

கல்யாணம் ஆகவில்லை. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு நாற்காலி, அதில் ஒன்றில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மைக் ஒயரைத் திரும்ப வாங்க இரண்டு தடவை அந்த வாசல்வரை போயிருக்கிறேன். உள்ளே வாங்க தம்பி என்றார். வேலை இருக்கு என்று வந்துவிட்டேன். அப்படி ஒரு வேலையும் இல்லை.

அடுத்து சொல்லப்போவது எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. இங்கேயே சொன்னால்தான் மற்றது புரியும்.

அக்காவுக்கு ஒரே ஒரு தம்பி, கூடப்பிறந்தவர். வேறு ஊரில் வேலை. அப்பா கிடையாய்க் கிடந்த ஒன்றரை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட வரவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் போன் பண்ணி, கிளம்பி வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில், "இப்ப எதுக்கு? நீ இனிமே வராமலேயே இரு" என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே வராமல் இருந்துவிட்டார் அந்த மனுஷன். ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அக்கா கடையில் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்குக் கண்ணாடி தேய்த்துக் கொடுப்பது அக்காதான். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கூரியரில் ஒரு கவர் வரும். உள்ளே கண் மருத்துவரின் சீட்டு. கடிதம் கிடையாது, சௌக்கியமா என்று ஒரு வரி கிடையாது. அக்கா தேய்த்து, ஃப்ரேமில் போட்டு, அவரும் ஒரு வரி எழுதாமல் திருப்பி அனுப்புவார். வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

கடைசியாகச் சீட்டு வந்தபோது கடையில் வேலை தலைக்குமேல். அக்கா இரண்டு மாசம் தாமதித்துத்தான் அனுப்பினார். அந்தப் பார்சல் திரும்பி வந்துவிட்டது. பெற்றுக்கொள்ள ஆள் இல்லை என்று மேலே ஒட்டியிருந்தது.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்னம்மா, அட்ரஸ் தப்பா எழுதிட்டீங்களா?" என்றார். "ஆமா சார்" என்றார் அக்கா. மத்தியானம் தம்பி குடியிருந்த வீட்டின் பழைய நம்பருக்குப் போன் போட்டார். எடுத்தது வீட்டு உரிமையாளர். "அவரா? அவரு போய் ஒன்றரை மாசம் ஆகுதேம்மா. ராத்திரி படுத்தவரு காலையில எழுந்திரிக்கல. யாருக்குச் சொல்றதுன்னே எங்களுக்குத் தெரியல. நீங்க யாரு?" என்று கேட்டார். "கண்ணாடிக் கடையிலேருந்து பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார் அக்கா. சாயங்காலத்துக்குள் ஒரு குழந்தையின் கண்ணாடி கொடுக்க வேண்டியிருந்தது. அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அறைக்குப் போனார்.

போய் யாரிடம் சொல்வது? அப்பா அம்மா இல்லை. டயர் கடையில் எட்டு மணிக்கு ஷட்டர் இறக்கிவிடுவார்கள். பார்சலை அந்த இரண்டாவது நாற்காலியில் வைத்தார். "சொல்லணும்னு தொண்டையில நின்னுச்சு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டாப் போதும்னு இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னார். அந்த ஒருத்தர் கிடைக்காமல் அவர் பட்ட பாடுதான் இந்தக் கதை.

மூன்று வாரம் கழித்து எங்கள் பத்தாவது படம். நாடகம் எந்தக் காலத்தது என்று கேட்டால் வாத்தியார் ஒரு மணி நேரம் பேசுவார், அதனால் நான் கேட்கவில்லை. ஒரு ராணி, தன் மகனைத் தன் வாயாலேயே எல்லைக்குப் போ என்று அனுப்பிவிடுகிறாள். பழைய துன்பியல் நாடகங்களில் பெரும்பாலும் சாவு மேடையில் நடக்காது. எங்கேயோ நடக்கும், ஒரு தூதன் ஓடி வந்து சொல்வான். வாத்தியார் அதிலும் ஒரு படி மேலே போனார். "சாவையும் காட்ட வேணாம், சொல்றவனையும் காட்ட வேணாம். கேக்குறவ முகத்தை மட்டும் காட்டுவோம். ஏழு நிமிஷம், ஒரே ஷாட்" என்றார். தூதன் குரலைப் பிற்பாடு ஒரு கனத்த குரல்காரரை வைத்துப் பதிந்துகொள்ளலாம் என்று திட்டம். அன்றைக்கு மட்டும் எதிராளி அக்கா தூதன்.

கேமரா ஆய்வகத்தின் அந்தக் கோடியில், தூரத்திலிருந்து முகத்தை ஜூமில் இழுத்துக்கொண்டு நின்றது. ராணி சிங்க் மேடை ஓரம். அக்காவின் ஸ்டூல் ராணியின் முழங்காலை ஒட்டி. ராணிக்கு வசனமே இல்லை, அதனால் அறையில் இருந்தது ஒரே மைக், அக்கா சட்டையில் குத்தியது. கேமராவின் சொந்த மைக் செத்து நாலு வருஷம் ஆகிறது. மைக்கைக் குத்தும்போது அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. "சவுண்டுக்காரரே, சரியா இருக்கா?" என்றார். போன வாரம் ஸ்டூல் கிரீச்சிட்டதற்குத் திட்டினேனே, அந்தக் கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன். ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டு, பக்கத்து ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஹெட்போனில் அவர் குரலைச் சுத்தமாக இறக்கி வைத்தேன். அது பதினோரு வருஷப் பழக்கம். சத்தம் பதிகிறதா என்று காட்டும் மீட்டரில் ஊசி ஆடுகிறதா என்று மட்டும் பார்ப்பேன், என்ன பேசுகிறார் என்று காது கொடுத்ததே இல்லை.

ஊசி ஏழு நிமிஷத்துக்குப் பதிலாகப் பத்து நிமிஷம் ஆடியது. ரொம்பச் சின்னதாக ஆடியது.

கதவைத் திறந்தால் வாத்தியார் குதித்துக்கொண்டிருக்கிறார். "பாத்தியா, முகமாய்யா அது! முகமா!" என்கிறார். அவர் நின்ற தூரத்துக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் அவருக்கு முகம்தான் முக்கியம். தையல்கடை அக்கா அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா? ரெண்டு வரி வசனம் சொன்னாங்க, அப்புறம் அதை விட்டுட்டு என்னமோ தம்பி, கண்ணாடி, பார்சல்னு ஒரு கதையைக் கட்டி மெதுவாச் சொன்னாங்க பாருங்க! என்னை அழ வைக்க என்னா வித்தை! இது தெரிஞ்சிருந்தா போன படத்துலயே கேட்டிருப்பேனே!" என்றார். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்து, "ஆமா, சும்மா தோணுச்சு" என்றார். மைக்கைத் தானே கழற்றி, ஒயரைச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

ஒரே ஷாட், வெட்டி ஒட்ட எதுவும் இல்லை. மறுநாள் கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தேன்.

பத்து நாள் கழித்து அக்கா என் கடைக்கு வந்தார். நான் ஒரு ஸ்பீக்கரின் வயிற்றைக் கிழித்துப் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். "அன்னைக்குப் பேசினது இருக்கா? ஒரு தடவை கேக்கணும். சரியாத்தான் சொன்னேனான்னு பாக்கணும்" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்னைக்கு உங்க குரலை நான் வெச்சிருந்தேன்? அதெல்லாம் அன்னன்னைக்கே தூக்கிப் போட்டுடுவேன்க்கா. தெரியாத மாதிரி கேக்குறீங்க!" என்று சுள்ளென்று விழுந்தேன். "அதுவும் சரிதான்" என்றார். மேஜைக்கு அடியில் குனிந்து அந்த ஸ்க்ரூவை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் கனத்த குரல்காரர் வந்தார். விளம்பரங்களுக்குப் பேசுகிறவர், வாயைத் திறந்தால் என் கடை அலமாரி அதிரும். படத்தை ஓடவிட்டு, "தேவி, நான் கொண்டுவந்திருப்பது நல்ல சேதி அல்ல" என்று ஆரம்பித்தார். ஒட்டவில்லை. எங்கே இழுத்துப் பார்த்தாலும் ஒட்டவில்லை. வசனத்தில் படை மொத்தமும் ஆற்றோடு போகிற இடத்தில் திரையில் ராணி லேசாகச் சிரிக்கிறார். "ஏன் சார், பெத்த பிள்ளை முங்கிச் சாகுறான், இந்தம்மா எதுக்குச் சிரிக்குது?" என்று கேட்டார் குரல்காரர். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். திரும்ப எடுக்கலாம் என்றால் தையல்கடை அக்கா தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டுவிட்டார்.

ஒரே வழி, அன்றைக்குச் சொன்னதையே எதிராளி அக்கா திரும்பச் சொல்ல வேண்டும். வரவழைத்தோம். என் கடைக்குள் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டு, நடுவில் உட்காரவைத்தோம். எதிரே ஆள் கிடையாது, கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் ராணியின் முகம் மட்டும். அக்கா இரண்டு வரி வசனத்தைச் சொன்னார். நின்றார். ராணி அழத் தொடங்கும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாபகம் இல்ல சார். அன்னைக்கு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன்" என்றார். வாத்தியாருக்கு ஏமாற்றம், எனக்கு எரிச்சல். முடியாது என்றால் முன்னாலேயே சொல்லக்கூடாதா என்று முணுமுணுத்தேன். அதுவும் அவர் காதில் விழுந்திருக்கும்.

கடைசியில் வாத்தியார், குரலே வேண்டாம், அப்படியே ஊமையாக விட்டுவிடலாம் என்றார்.

திரையிடல் ஒரு ஞாயிறு காலை, நூலகத்துக்கு மேலே உள்ள சின்னக் கூடத்தில். நாற்பது நாற்காலி, முப்பது பேர் வந்திருந்தார்கள், எங்களுக்கு அது திருவிழாக் கூட்டம். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். தலைக்கு மேல் இரண்டு ஃபேன், கடகடவென்று. கடைசி வரிசையில் என் இடது பக்கம் எதிராளி அக்கா. மடியில் கைப்பை.

அந்த ஷாட் வந்தது. வாத்தியார் அதை ஏழு நிமிஷமாக வெட்டாமல், எடுத்தபடி பத்து நிமிஷமும் விட்டிருந்தார். திரை முழுக்க ராணியின் முகம், துளிச் சத்தம் இல்லை. கூடத்தில் ஒருத்தர் இருமினார், இன்னொருத்தர் ஸ்பீக்கர் போயிடுச்சா என்று திரும்பி என்னை முறைத்தார். அப்போது என் இடது காதோரம் ஏதோ கேட்டது. வழக்கம்போல, யார்ரா அது பேசுகிறது என்று அதட்டத் திரும்பினேன்.

அக்கா திரையைப் பார்த்தபடி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். உதடு அசைவதுதான் தெரிந்தது, பாதி வார்த்தையை ஃபேன் தின்றுவிட்டது. நான் சாய்ந்தேன். "...வலது கண் மைனஸ் நாலரை. இடது கண் மைனஸ் அஞ்சேகால். சீட்டே வேணாம், எனக்கு மனப்பாடம்..." திரையில் ராணி புரியாமல் புருவத்தைச் சுருக்கினார். "...மொத மொதல்ல கண்ணாடி போட்ட அன்னைக்குத் தலைகீழா மாட்டிக்கிட்டு வந்து, அக்கா, எல்லாம் நல்லாத் தெரியுதுன்னான்..." திரையில் ராணி சிரித்தார். சரியாக அந்த இடத்தில். கனத்த குரல்காரர் அத்தனை நேரம் இழுத்துப் பார்த்தும் ஒட்டாத முகம், இந்தக் குரலோடு மயிரிழை பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. "...பார்சல் திரும்பி வந்துடுச்சு. ரெண்டு மாசம் தள்ளிப் போட்டேன். சீக்கிரம் அனுப்பியிருந்தா வாங்கியிருப்பான். ஒரு தடவை போட்டுப் பாத்திருப்பான்..." ராணி அழ ஆரம்பித்தார். அக்கா அழவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் புரிந்தது, அது கட்டிய கதை இல்லை. அதை நான் அழித்திருக்கிறேன். கேட்க வந்தவரை விரட்டியிருக்கிறேன்.

விளக்கைப் போட்டார்கள். கைதட்டல். அந்த மௌனம் எப்படித் தோன்றியது என்று யாரோ வாத்தியாரைக் கேட்க, அவர் துக்கத்துக்கு மொழி கிடையாது என்று அழகாக விளக்கினார். எல்லாரும் டீ குடிக்க வெளியே போனார்கள். தையல்கடை அக்காவைச் சுற்றி ஒரே கூட்டம். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்கக்கா" என்றேன். "உங்க தம்பி... எப்ப?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஏதோ சொன்னார். ஃபேன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

எழுந்து போய் இரண்டு ஃபேனையும் நிறுத்தினேன். வெளியே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் கதவைச் சாத்தினேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். ஃபேன் சுற்றி ஓயும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"இப்ப சொல்லுங்கக்கா" என்றேன். "முதல்லேருந்து."